அறுபத்திரண்டு டிகிரி

வயலில் இருந்தது அப்பா, சித்தப்பா, அளவுச் சங்கிலி பிடித்த நான். அண்ணனும் தம்பியும் பிரிவதைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று அம்மா வரவில்லை. ஊர் நிலக்கணக்கு பார்க்கும் கர்ணத்தை யாரும் கூப்பிடவில்லை. அவர் அப்பா பக்கம் என்று சித்தப்பாவுக்கும், சித்தப்பா பக்கம் என்று அப்பாவுக்கும் சந்தேகம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய கம்ப்யூட்டரோ சென்னையில் இருந்தது.

இண்டூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டே கால் ஏக்கர் மானாவாரி. நான்கு பக்கமும் நான்கு அளவு. மூலைக்கு மூலை கோடு போட்டு ஆளுக்கொரு முக்கோணம், எது பெரிதோ அதிலிருந்து சரிக்கட்டிக்கொள்வது என்று பேச்சு. குறுக்குக் கோடு பாழுங்கிணற்றின் மேல் போனதால் சங்கிலி இழுக்க வழியில்லை. இரண்டு பக்கமும் நடுக்கோணமும் போதும், சைன் போட்டுப் பரப்பை எடுத்துவிடலாம் என்றேன். வூட்டில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கணக்கு யாரு போடுவா?" என்றார் சித்தப்பா.

"மெட்ராஸ்ல மெஷின் இருக்குதுங்க சித்தப்பா. சைனெல்லாம் அதுக்குள்ளயே இருக்குது. கோணத்தக் குடுத்தா எடுத்துக்கும்."

"மெஷினுக்கு அண்ணன் தம்பி கெடையாதில்ல? அப்பச் சரி."

அப்பா பக்கத்து மூலை எழுபது டிகிரி, சித்தப்பா பக்கத்து மூலை அறுபத்திரண்டு என்று அளந்து, மெஷினுக்குப் புரியும் ஃபோர்ட்ரானில் சில வரிகள் எழுதி, சென்னையில் படித்துக்கொண்டிருந்த நண்பனுக்குத் தபாலில் அனுப்பினேன். அவன்தான் கார்டில் துளை போட்டு மெஷினில் ஓட்ட வேண்டும். ஆடி பிறந்துவிட்டது. விதைக்கடலை உரித்துத் தயார். எல்லை தெரியாமல் விதைக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. நான் ரோட்டுக்கும் வூட்டுக்கும் நடந்தேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலேயே கையை விரித்துவிட்டுப் போனார்.

ஒருவழியாகக் காகிதம் வந்தது. அப்பாவுக்குத் தொண்ணூற்றொன்பது சென்ட். சித்தப்பாவுக்கு மைனஸ் எண்பத்தெட்டு.

"மைனஸ்னா?"

"இல்லாததுக்கும் கீழங்க."

"ஓகோ. ஒங்கப்பனுக்கு நெலம், எனக்குக் கடனா? நல்ல மெஷின்டா!"

அப்பா சிரித்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

லாக் புத்தகத்தில் சைன் பட்டியலைப் புரட்டினேன். அறுபத்திரண்டுக்கு சைன் முக்காலுக்கும் மேலே, பிளஸ்ஸாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு வட்டம் முந்நூற்றறுபது. மெஷினின் சைனுக்கு முழு வட்டமே ஆறேகால் சொச்சம், ரேடியன் கணக்கு. நான் கொடுத்த அறுபத்திரண்டை அது ஒன்பது சுற்றுக்கு மேல் சுற்றி, கோட்டுக்குக் கீழே எங்கோ போய் நின்றிருக்கிறது. அப்பாவின் எழுபதும் தப்புத்தான். பிளஸ்ஸாக வந்ததால் நல்லவன் மாதிரி தெரிந்தது.

அந்தக் காகிதத்தின் பின்பக்கமே பென்சிலால் போட்டேன். அப்பாவுக்கு நூற்றிருபது, சித்தப்பாவுக்கு நூற்றைந்து. ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் காட்டினேன்.

"மொத்தம்தான் பட்டாவிலயே இருக்குதே," என்றார். "அதத் தெரிஞ்சவன் எப்படி வேணா பிரிச்சு எழுதலாம். இது அண்ணன் மகன் கையி. எனக்கு மெஷின் சொல்லணும்."

"லாக் புத்தகத்துக்கு மட்டும் சொந்தக்காரன் இருக்கானா சித்தப்பா?"

"புத்தகத்துக்கில்ல. பென்சிலுக்கு இருக்குது."

டிகிரியை ரேடியனாக்க ஒரே ஒரு வரியைத் திருத்தி மறுபடி தபாலில் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. விதைப்புக்கென்றே பெய்த மழை. சுற்றிலும் எல்லார் காட்டிலும் ஏர் ஓடியது. அப்பா கிழக்கு வரப்பிலும் சித்தப்பா மேற்கு வரப்பிலும் ஈர மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார்கள். "பேசாம சேந்து வெதைங்களேன்," என்று அம்மா இரண்டு பேரிடமும் போய்ச் சொன்னாள். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

இரண்டாவது காகிதம் வந்தபோது ஈரம் காய்ந்து மண் இறுகிவிட்டது. நூற்றிருபது. நூற்றைந்து. சித்தப்பா என் பென்சில் கணக்கையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்ணா," என்றார் அப்பாவிடம்.

மறுநாள் அப்பா பங்கில் ஏழரை சென்ட் தள்ளிக் கல் நட்டு, காய்ந்த மண்ணிலேயே உழுது விதைத்தார்கள். அடுத்த மழை வரவேயில்லை. உழவு, விதை, விளையாமல் போன கடலை எல்லாம் சேர்த்து இரண்டு வூட்டுக்குமாக அறுநூற்று நாற்பது ரூபாய் நஷ்டம்.