சின்னாளபட்டியில் ஓர் அரக்குச் சேலை: நிறக்குருட்டுக் குடும்பத்தோடு இரண்டு நாள்

இருபத்திரண்டு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். அது போதும். ஒரு சேலையின் நிறத்தை வைத்து என்னைப் பார்த்துச் சபையில் சிரித்ததையும், அதற்கு மரபியல் இப்போது கொடுத்த பதிலையும் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. திண்டுக்கல் பக்கம் இரண்டு நாள் போய்வர நினைப்பவர்களுக்கு வழிச் செய்திகளும் இதில் உண்டு. பூட்டையும் மலைக்கோட்டையையும் தேடி வந்தவர்கள் வேறு பக்கம் போகலாம். அவற்றை ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள்.

நான் திருச்சியில் விலங்கியல் கற்பிப்பவன். எனக்கு நிறம் பிரியாது. அரக்கு, கரும்பச்சை, பழுப்பு மூன்றும் என் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ரயில் ஓட்டும் வேலைக்குப் போயிருக்க வேண்டியவன், கண் பரிசோதனையில் வெளியே அனுப்பப்பட்டு வாத்தியார் ஆனேன். அக்கா மகளுக்குக் காதுகுத்தியபோது, தாய்மாமன் முறைக்கு அக்காவுக்கு அரக்குச் சேலை என்று நினைத்துப் பச்சைச் சேலை வாங்கிப் போனேன். எனக்கு நிறம் தெரியாது என்று அன்றே சபையில் சொன்னேன். “கஞ்சத்தனத்துக்கு இப்படி ஒரு வியாதிப் பேரா மாப்ள?” என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டார். ஊரே சிரித்தது. அதன்பிறகு ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தப் பச்சை எனக்கு முன்னால் வந்து நிற்கும்.

இந்த ஆவணியில் அதே அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் எடுக்கும் அரக்குச் சேலையில்தான் பெண் சபைக்கு வர வேண்டும் என்பது அவர்கள் வீட்டு முறை. இதற்கிடையில் அக்கா மகன் ரயில் ஓட்டுநர் வேலைக்குத் தேர்வெழுதித் தேறி, என்னைப் போலவே கண் பரிசோதனையில் திரும்பி வந்துவிட்டான். அவ்வளவுதான், மச்சான் பிடித்துக்கொண்டார். என் குறையை இத்தனை வருடம் நம்பாதவர் ஒரே நாளில் நம்பி, அதை அக்கா தலையில் வைத்துவிட்டார்.

அக்கா போனில் சொன்னாள்: “பாக்குறவங்கட்ட எல்லாம் இதே பேச்சுடா. ‘இவ வம்சத்தால என் மகன் வேலை போச்சு’ன்னு. நிச்சயத்தன்னைக்கு மாப்ள வீட்டுக்காரங்க முன்னாடியும் சொன்னாருன்னா நான் சபைல வந்து நிக்க மாட்டேன். சமையக்கட்டுலயே இருந்துக்கிறேன். நீதான் படிச்சவன், வந்து அவருக்கு ஏறுற மாதிரி சொல்லு.”

சிக்கல் என்னவென்றால், இந்த ஒரு விஷயத்தில் அறிவியல் மச்சான் பக்கம் இருந்தது. அதை அக்காவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் கிளம்பினேன். முன்பதிவில்லாப் பெட்டி, ஐம்பத்தைந்து ரூபாய், திருச்சியிலிருந்து ஒன்றே கால் மணி நேரம். மணப்பாறை தாண்டினால் இரண்டு பக்கமும் குன்றுகள். இடப்பக்க சன்னல் நல்லது. திண்டுக்கல் நிலையத்துக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரர் என் பையைப் பார்த்துவிட்டு, “பேகம்பூரா சார்? பிரியாணிதானே?” என்றார். முகத்திலேயே எழுதியிருந்தது போலும். எண்பது ரூபாய். வழியில் சிக்னலில் நின்றபோது, எனக்கு இந்த விளக்குகள் மேல், நடு, கீழ் என்றுதான் தெரியும், நிறம் தெரியாது என்று சும்மா சொன்னேன். “அதுவாச்சும் பாக்குறீகளே சார். இங்க அம்புட்டுப் பேரும் போலீஸ் நிக்கிறாரான்னுதான் பாக்குறான்” என்றார்.

பேகம்பூரில் சீரகச் சம்பா மட்டன் பிரியாணி இருநூற்று இருபது ரூபாய். பதினொன்றரைக்குப் போனால் இடம் கிடைக்கும். ஒரு மணிக்குப் போனால் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். சாப்பிட்டதும் உலகத்தின் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி குறைந்தது. மீதிப் பாதியோடு அக்கா ஊரான நிலக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். செம்பட்டி வழி, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம்.

பஸ்ஸில் வேலை இல்லாததால் மச்சானுக்கு எடுக்க வேண்டிய பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பிள்ளை என்பது பாலும் டிகாக்‌ஷனும் கலந்த காப்பி மாதிரி, அப்பாவும் அம்மாவும் கலந்த கலவை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஒரு மடத்துத் துறவி தோட்டத்தில் பட்டாணி வளர்த்து அது தவறு என்று காட்டினார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தால் நடுத்தர உயரம் வரவில்லை, எல்லாம் நெட்டை. அந்த நெட்டைகளுக்குத் தமக்குள்ளேயே மகரந்தம் சேர வைத்தால், நாலில் ஒன்று குட்டையாகத் திரும்பி வந்தது. ஆக, பண்புகள் கரைவதில்லை. மணிமணியாக இருக்கின்றன, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று ஓங்கி நிற்கும்போது மற்றது ஒடுங்கிக் கிடக்கும், செத்துப்போகாது. இதை அவர் எழுதி அச்சிட்ட பிறகும் முப்பது நாற்பது ஆண்டு எவரும் சீந்தவில்லை. அவர் இறந்த பிறகுதான் மூன்று பேர் தனித்தனியே அதே முடிவுக்கு வந்து, பழைய தாளைத் தூசி தட்டினார்கள். எங்கள் கல்லூரியில் துறைத்தலைவர் பதவி யார் யாருக்கோ போனதைப் பார்த்தவன் என்பதால், அந்தத் துறவிமேல் எனக்குத் தனிப் பிரியம்.

நிறக்குருட்டுக்கு வருவோம். வெள்ளைக்கண் ஈக்களை வளர்த்துப் பார்த்தவர்கள், சில பண்புகள் எக்ஸ் குரோமோசோமில் ஏறிப் பயணம் செய்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். சிவப்பு–பச்சை தெரியாத குறையும் அதில்தான் ஏறி வருகிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் அம்மா கொடுத்தது. அதில் பழுது இருந்தால் தப்பிக்க வழியில்லை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். அவளுக்கு எல்லா நிறமும் தெரியும், ஆனால் அவள் மகனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் போய்ச் சேரும். எங்கள் அம்மாவிடமிருந்து எனக்கும் அக்காவுக்கும் வந்தது, அக்காவிடமிருந்து அவள் மகனுக்குப் போனது. மச்சான் சொன்னது சரி. இந்த வரியை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

மச்சான் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் வியாபாரி. மல்லிகை மட்டும்தான் எடுப்பார். வாசலிலேயே வரவேற்பு. “வா மாப்ள. இந்தத் தடவை நானும் கடைக்கு வாரேன். உன்னைய நம்பி விட்டா பொண்ணுக்கும் பச்சைய கட்டி விட்ருவ.”

“மச்சான் கூட இருந்தா எனக்கும் தைரியம்தான்” என்றேன். அக்கா சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டாள்.

மச்சான், அக்கா, அக்கா மகள், நான் என நால்வரும் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டிக்கு வாடகைக் காரில் போனோம். போகவர எண்ணூறு ரூபாய். பஸ்ஸிலும் போகலாம், மச்சான் விடவில்லை. அக்கா மகன் பந்தல் வேலைக்காக வீட்டில் இருந்துவிட்டான். அக்கா லைனிங் துணி வாங்கப் பக்கத்துக் கடைக்குள் நுழைந்தாள். நாங்கள் மூவரும் சேலைக் கடையில் உட்கார்ந்தோம். விற்பனைப் பெண் பத்துப் பதினைந்து சேலைகளை விரித்தாள். மச்சான் ஒன்றை இழுத்து மடியில் போட்டார்.

“இதான் அரக்கு. பாரு மாப்ள, நல்லாப் பாத்துக்க. இதுக்குப் பேருதான் அரக்கு.”

எனக்கும் அரக்காகத்தான் தெரிந்தது. “நல்ல அரக்குப்பா” என்றாள் அக்கா மகள், தோளில் வைத்துப் பார்த்து.

விற்பனைப் பெண் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். “சார், அரக்கு இந்தப் பக்கம் இருக்கு. இது பாட்டில் பச்சை.”

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, மாப்ள சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தானா உன்னைய?”

“எனக்கு இவரை யாருன்னே தெரியாது சார்.”

அதற்குள் அக்கா வந்தாள். “என்னங்க, இந்தப் பச்சை யாருக்கு?”

அக்கா குனிந்து, தேடாமல், இரண்டு சேலை தள்ளியிருந்த ஒன்றை எடுத்தாள். அதுதான் அரக்காம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் என் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது: அக்கா மகளுக்கும் நிறம் தெரியவில்லை. பெண்ணுக்கு இந்தக் குறை வெளிப்பட இரண்டு எக்ஸும் பழுதாக வேண்டும். ஒன்று அக்கா கொடுத்தது. இன்னொன்று?

எதிரே டீக்கடை. டீ பதினைந்து ரூபாய், ஏலக்காய் போட்டு நன்றாக இருந்தது. என் கைப்பேசியில் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படம் ஒன்றைக் காட்டினேன். அக்கா “எழுவத்தி நாலு” என்றாள். மகள் “இருபத்தொண்ணு” என்றாள். மச்சான் கையை நீட்டி வாங்கி, தள்ளி வைத்து, கிட்ட வைத்து, “இருபத்தொண்ணுதான். ஒங்கம்மாவுக்குக் கண்ணாடி போடணும்” என்றார். எனக்கும் இருபத்தொன்றுதான் என்றேன். பாடத்தையும் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் இனிப்பு ஏறியதை மறைக்கவில்லை.

மச்சான் டீயைக் கீழே வைத்தார். “அப்ப எனக்கும் இருக்குங்கிற.”

“இருந்தாத்தான் மகளுக்கு வரும் மச்சான்.”

அக்கா மெதுவாகக் கேட்டாள்: “அதுனாலதான் கனகாம்பரம் எடுக்க மாட்டேங்கிறீகளா?”

“அது சீக்கிரம் வாடிரும்டி” என்றார். எழுந்தார், எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார். “சரி. மகனுக்கும் நான்தான் குடுத்தேனா? அதச் சொல்லு.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு மறுக்கத் தெரியாது. அக்காவின் பிரச்சினையும் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முப்பது வருடமாக விடைத்தாள்களில் அந்தப் பொய்க்குப் பூஜ்யம் போட்டவன் நான். “இல்ல மச்சான். மகனுக்கு நீங்க குடுக்கிறது ஒய் மட்டும். அது அக்காட்ட இருந்து வந்ததுதான். நீங்க சொன்னது சரி.”

அவர் வெற்றிபெற்ற முகத்தைக் காட்டுவார் என்று காத்திருந்தேன். காட்டவில்லை. “பொண்ணு விஷயம் மாப்ள வீட்டுக்குத் தெரிய வேணாம்” என்றார் தணிந்த குரலில்.

“எனக்குப் பையன் பொறந்தா?” என்றாள் மகள்.

“பொறக்குற ஒவ்வொரு பையனுக்கும் நிச்சயம் இருக்கும்மா” என்றேன்.

“அப்ப சொல்லாம எப்படிப்பா?” அவள் எழுந்து, கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குப் போன் போட்டுக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனாள். அந்தப் பத்து நிமிடம் மச்சான் என்னைவிடப் பரிதாபமாக இருந்தார். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். “இத்தனை வருஷம் அவுக சட்டையெல்லாம் கேவலமா இருக்குன்னு அவுக அம்மா சொல்லுமாம். இனிமே நான் நல்லாருக்குன்னு சொல்லுவேனாம், அது போதுமாம். பையன் பொறந்தா ரயிலு மட்டும் ஓட்ட வேணாமாம்.”

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். அரக்குச் சேலையில் பெண் வந்து நின்றாள். அரக்கு என்று அக்கா சொன்னதை, நிறம் தெரியாத நாங்கள் நால்வரும் நம்பினோம். தட்டு மாற்றுவதற்கு முன் மாப்பிள்ளையின் பெரியப்பா சாதாரணமாகக் கேட்டார்: “பையனுக்கு ரயில்வே வேலை வந்துச்சுன்னாகளே, என்னாச்சு?”

அக்கா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். சமையல்கட்டுப் பக்கம் ஒரு கால் திரும்பியது எனக்குத் தெரிந்தது.

“கண்ணுல கலர் பிரியலைன்னு விட்டுட்டாங்கண்ணே” என்றார் மச்சான். “எங்க வீட்டு ஆளுகளுக்கே அப்படித்தான். எனக்கும் பிரியாது, பொண்ணுக்கும் பிரியாது. என் வழில வந்தது.” பிறகு அக்காவைப் பார்த்து, “செத்த முன்னாடி வந்து நில்லு, நீதான தட்டு குடுக்கணும்” என்றார்.

அறிவியல்படி அந்தப் பதிலில் பாதி தவறு. திருத்தச் சொல்லி என் நாக்கு துடித்தது. அக்கா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு சபை நடுவே வந்தாள். நான் வெற்றிலையை வாயில் போட்டு மென்றேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நிலக்கோட்டைப் பூச்சந்தை காலையில் போனால்தான் பார்க்க வேண்டியது இருக்கும். சின்னாளபட்டியில் சேலை எடுப்பதாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், நிறம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். யாருக்குத் தெரியும் என்பதைப் போகும் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். கைப்பேசிப் படத்தை நம்பிவிட வேண்டாம், கண் மருத்துவரிடம் ஐந்து நிமிட வேலை. ரயில் ஓட்டும் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகம் வாங்கும் முன் அதைச் செய்துவிட வேண்டும். எனக்கு அப்போது எவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

மச்சான்மேல் உள்ள கோபமும் போய்விடவில்லை. அவரை ஊரறிய மாட்டிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கீழே என் பெயரையும் இரண்டு பட்டங்களையும் முதலிலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பெயர் இருந்தால் இது யார் வீடு என்று நிலக்கோட்டையில் ஒரே நாளில் தெரிந்துவிடும். அவர் சபையில் சொன்னதில் எது உண்மை, எது அக்காவுக்காகச் சொன்னது என்றும் தெரிந்துவிடும். பட்டங்களை முதலில் அழித்தேன், பிறகு பெயரை. இது இப்படியே போகட்டும், யார் எழுதியது என்று இல்லாமல்.