விரும்பியவர்கள் அணியலாம்

மச்சாள் அந்தக் கம்பி முகக்காப்பை முதன்முதல் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்த பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாரைப் பின்னந்தலையில் இறுக்கிக் கட்டியதில் அவளுடைய இரண்டு பின்னல்களும் தூக்கிக்கொண்டு நின்றன. கன்னத்தில் கம்பி உரசாமலிருக்க உட்பக்கம் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டியிருந்தார்கள். வெயிலில் அந்த ரப்பர் மணக்குது என்று அவள் மூக்கைச் சுளித்தாள். கம்பிகளுக்கு இடையால் பார்த்தபோது அது சிரிப்புப் போலத் தெரிந்தது. அவளுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. மாமாவின் மகள். மாமாவைக் கொண்டுபோன பிறகு மாமியும் அவளும் தம்பலகாமத்து வீட்டைப் பூட்டிவிட்டு லிங்கநகரில் எங்களோடு வந்திருந்தார்கள். ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பால் தலை வாரி, ஒரே பாடசாலைக்குப் போனோம்.

அந்த விளையாட்டை எங்கள் பாடசாலைக்குக் கொண்டுவந்தவர் விளையாட்டு ரீச்சர். கொழும்பில் பயிற்சி முடித்து வந்தபோது ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்தார். சொப்ட்போல் என்றார். கரும்பலகையில் மென்பந்து என்று எழுதினார். மென்மை பெயரில் மட்டும்தான். பந்து விளாம்பழத்தின் அளவு, கிட்டத்தட்ட அதே கடினம். மச்சாளுக்குக் கை நீளம் என்பதால் பந்து எறியும் இடம் அவளுக்குக் கிடைத்தது. கையைக் கீழிருந்து சுழற்றி எறிந்துவிட்டு, முன்னால் வளைந்தபடி, மட்டைக்கு நேரே முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும் இடம் அது. அடிபட்ட பந்து திரும்பி வந்தால் நிமிர நேரம் இருக்காது. பயிற்சியில் ஒரு பிள்ளையின் உதடு வெடித்த அடுத்த வாரமே ரீச்சர் துறைமுகப் பக்கம் இருந்த ஒரு வெல்டிங் கடையில் கம்பி முகக்காப்புகள் செய்வித்துக்கொண்டு வந்தார். அது இல்லாமல் ஒரு பிள்ளையும் உள்ளே நிற்க ஏலாது என்று சொன்னார். யாரும் மறுக்கவில்லை. எல்லோரும் போட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு விளையாடத் தொடங்கினார்கள். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு இலேசாகப் போனது என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

ஒருநாள் நானும் மச்சாளும் அவற்றைச் சாக்குப் பையில் போட்டு எடுத்து வரும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். காவலில் நின்ற கடற்படைப் பெடியன் ஒன்றை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் முகத்திலேயே வைத்துக்கொண்டு மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். வீடு வந்து சேரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தீங்கு அந்தச் சாவடியிலிருந்து வரவில்லை. அது எங்கள் ஆட்களின் வாயிலிருந்து வந்தது.

பெற்றோர் கூட்டத்துக்குப் போன அம்மா வந்து குசினியில் வைத்து, குரலைத் தாழ்த்தி, நடந்ததைச் சொன்னா. முகத்தில் கம்பித் தழும்பு விழுந்தால் நாளைக்கு யார் பொறுப்பு என்று ஒரு தாய் கேட்டாவாம். இந்தக் காலத்தில் பிள்ளைகளின் முகத்தை மூடுவது தேவையில்லாத கரைச்சல் என்று ஒரு தகப்பன் சொன்னாராம். பின்வரிசையில் இருந்த இன்னொருவர் எழும்பி, "என்ன ரீச்சர், தலையாட்டிப் படை கட்டப் போறியளோ?" என்று கேட்க, மண்டபம் முழுக்கச் சிரித்ததாம்.

அந்த வருடங்களில் எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு யாரும் சிரிக்கக்கூடாது. சுற்றிவளைப்பு என்றால் ஆண்களை எல்லாம் வெயிலில் வரிசையாக இருத்துவார்கள். ஜீப்பில் தலைக்குச் சாக்குப் போட்ட ஒருவன் இருப்பான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆள் வீட்டுக்கு வரமாட்டார். மாமா அப்படித்தான் போனார். அம்மா இதைச் சொன்னபோது மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கை நின்றது. பிறகு மச்சாளைப் பார்த்து, "நீ போடு. ஆரின்ர வாய்க்குப் பயந்தும் கழட்டாதை" என்றா. மறுபடி துருவத் தொடங்கினா.

பாடசாலை அதிபர் நல்ல மனிதர். யாருடைய மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். அந்த வார முடிவில் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முகக்காப்பை விரும்பியவர்கள் அணியலாம் என்று இருந்தது. எவ்வளவு நியாயமாக இருக்கிறது என்று நானே நினைத்தேன். ரீச்சர் மட்டும் அந்தத் தாளுக்கு முன்னால் நின்று விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகள் கழற்றினார்கள். பிறகு நடுவில் நிற்பவர்கள். ஒவ்வொருவரும் மற்றவளைப் பார்த்துத்தான் கழற்றினார்கள். யாருக்கும் அது வேண்டாம் என்று இல்லை. தனியாக வேண்டாம் என்றுதான். கடைசியில் மச்சாள் மட்டும் மிஞ்சினாள்.

வேறு பாடசாலையோடு ஆட்டம் நடந்த நாளில் மைதான மதிலில் ஆண்கள் வரிசையாக ஏறியிருந்தார்கள். பெடியள் மட்டுமல்ல, வயது வந்தவர்களும், எங்கள் பாடசாலையில் பிள்ளை படிப்பவர்களும் இருந்தார்கள். மச்சாள் பந்தோடு நடுவில் வந்து நின்றதும் ஒருவன் தொடங்கினான்.

"தலையாட்டி, தலையாட்டி, ஆரைக் காட்டப் போறாய்?"

மற்றவர்கள் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். நான் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டிருந்த வாங்கில் குந்தியிருந்தேன். அவளுடைய தகப்பன் எப்படிப் போனார் என்று அந்த மதிலில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கைதட்டினார்கள். இரண்டு பந்து எறிந்தாள். பிறகு நின்று, வாரை அவிழ்த்து, முகக்காப்பைப் புல்லில் கவிழ்த்து வைத்தாள். ரீச்சர் ஓடிப்போய் அதை எடுத்து நீட்டினார். மச்சாள் மாட்டேன் என்று தலையை அசைத்தாள். உடனே மதிலில் பெரிய சிரிப்பு. பாருங்கோ, ஆட்டுறாள், ஆட்டுறாள் என்று கத்தினார்கள்.

அவள் அடுத்த பந்தை எறிந்தாள். சிரிப்பு அடங்க முன்னமே அது அடிபட்டு அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. தேங்காயை நிலத்தில் போட்டது போல ஒரு சத்தம். மச்சாள் விழவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோல, மெல்லத் திரும்பி மதிலைப் பார்த்தாள். விரலுக்கு இடையால் இரத்தம் வந்தது. மதிலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மறுபக்கம் குதித்துப் போனார்கள்.

கண் வைத்தியர் அப்போது ஊரில் இருக்கவில்லை. சண்டையால் மூடியிருந்த பாதை திறக்கும்வரை காத்திருந்து கண்டிக்குக் கொண்டுபோனார்கள். கண் இருந்தது, பார்வை இல்லை. திரும்பி வந்ததும் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பால்மாவும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார்கள். கூட்டத்தில் தழும்பைப் பற்றிக் கேட்ட அந்தத் தாயும் வந்து கதிரையில் இருந்து, பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிட்டுது என்றா. போகும்போது வாசலில் நின்று அம்மாவிடம், "இனி இவளை ஆர் கட்டுவினம்?" என்று கேட்டா. உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்கும் என்று தெரிந்தும் கேட்டா. சில நாளில் காலைக் கூட்டத்தில் அதிபர் மச்சாளை மேடைக்கு அழைத்து, வலியைத் தாங்கிய வீரப்பிள்ளை என்று சொல்லி ஒரு கேடயம் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பிள்ளையின் கண்ணைப் போக்கிவிட்டு அதற்குக் கேடயம் கொடுக்கும் ஊர். எனக்குப் பன்னிரண்டு வயதில் அதற்குச் சொல் இருக்கவில்லை.

மச்சாள் இப்போது கப்பல்துறையில் பாலர் பாடசாலை நடத்துகிறாள். கட்டியும் விட்டாள், அவளைக் கேலி செய்யாத ஒருவரை. தேத்தண்ணி ஊற்றும்போது கேத்தல் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள். இடப்பக்கத்தால் யாராவது வந்தால் முழு உடம்பையும் திருப்புவாள். என் மகளைப் பாடசாலை அணியில் பந்து எறிய எடுத்திருக்கிறார்கள் என்று போன மாதம் அவளிடம் சொன்னேன். சந்தோசப்பட்டாள். கையை இப்படிச் சுழற்றச் சொல்லு என்று எழும்பி நின்று காட்டினாள். நான் இத்தனை வருடம் கேட்காததை அன்று கேட்டேன். மாமி சொல்லியும் ஏன் கழற்றினாய் என்றேன். கோபிப்பாள் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை.

"எல்லாரும் போட்டிருந்தா நானும் போட்டிருப்பனடி. தனியப் போட ஏலாது."

சண்டை இன்னும் முடியவில்லை. சாவடிகள் இன்னும் இருக்கின்றன. முகக்காப்புகள் மட்டும் மாறிவிட்டன. உதவி நிறுவனம் ஒன்று அனுப்பிய பெட்டியில் வந்தவை, மெல்லியவை, மணமில்லாதவை. போன கிழமை அதற்காகப் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அதிபர் புதியவர், மண்டபம் அதேதான். ஒருவர் சாவடிக் கரைச்சலைப் பற்றிச் சொன்னார். ஒரு தாய் வெயிலில் முகம் வேர்த்துப் பரு வரும் என்றா. பின்னால் ஒரு குரல் அந்தப் பழைய பகிடியை, புதிது போல, சொன்னது. சிரித்தார்கள். அதிபரும் சிரித்துவிட்டு, "சரி, விரும்பின பிள்ளையள் போடட்டும்" என்றார்.

நான் கூட்டங்களில் எழும்பிக் கதைப்பவள் அல்ல. வாசிப்பதும் கையெழுத்து வைப்பதும் நேரத்துக்கு வருவதும்தான் என் பழக்கம். எழும்பினேன். "எல்லாப் பிள்ளையளும் போட வேணும். இல்லாட்டி என்ர மகள் விளையாட மாட்டாள்" என்றேன். காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன். குரல் உடைந்து, சொல்ல நினைத்ததில் பாதிதான் வந்தது. யோசிப்போம் என்றார் அதிபர். யோசிக்கவில்லை. அடுத்த நாளே அணி முகக்காப்பு இல்லாமல் பயிற்சிக்கு இறங்கியது. நான் மகளைப் போகவிடவில்லை.

"ஏன் நீர் மட்டும் எழும்பினனீர்?" என்று வீட்டில் இவர் கேட்டார். நான் செய்ததும் ஒரு பிள்ளையைத் தனியாக்கியதுதானே என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். மதிலில் இருந்தவர்கள் வெளியிலிருந்து செய்ததை நான் வீட்டுக்குள் இருந்து செய்கிறேனோ? அவளை விட்டிருந்தால் ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை நம்பித்தான் ஒரு மண்டபம் நிறையப் பெரியவர்கள் கட்டாயம் என்ற ஒன்றைச் சொல்லத் துணிவில்லாமல், முடிவைப் பிள்ளைகளின் தலையில் வைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இருக்கும் அருவருப்பு குறையவில்லை. என் மேல் சந்தேகமும் குறையவில்லை.

மகள் என்னோடு கதைப்பதில்லை. நேற்றுப் பின்னேரம் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் படலையடியால் சத்தமாகக் கதைத்துக்கொண்டு போனார்கள். அவள் பாடசாலை உடுப்பைக்கூட மாற்றாமல் குசினி வாசலில் வந்து நின்றாள். தேத்தண்ணி நீட்டினேன், வாங்கவில்லை. அசையாமல் நின்று என்னை முறைத்தாள். இரண்டு கண்ணாலும் முறைத்தாள். நான் கோப்பையைக் கையில் பிடித்தபடி அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.