தண்ணி ஸ்டேஜ்

1996 மே 14, செவ்வாய்க்கிழமை. காலை ஆறுக்குக் குழாயடியில் நான்கு குடம். ஏழுக்குக் கேப்பைக் கூழ். பத்து முதல் பன்னிரண்டு வரை விழுப்புரம் ரயில்வே குடியிருப்பு மன்றத்தில் பியானோப் பயிற்சி. மூடியைத் திறந்தால் பழைய வார்னிஷும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை அடிக்கும். இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் ஒழுங்காக இருக்கிறது.

மாலை ஆண்டு விழாவில் நான் வாசிக்கவிருந்தது ஒரு வீடியோ கேம் பாட்டு. அந்தக் கேம் திண்டிவனத்தில் அத்தை வீட்டில் இருந்தது; மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. ஆட்டத்தின் நடுவில் பொம்மை கடலுக்குள் இறங்கும் இடத்தை அத்தை மகள் கலா ‘தண்ணி ஸ்டேஜு’ என்பாள். மற்ற இடங்களில் காதைக் குடையும் இரைச்சல். அங்கு மட்டும், காய்ச்சல் நெற்றியில் ஈரத்துணி போட்டதுபோல ஒரு மெட்டு. ஆனால் அசையாமல் நின்று கேட்டால் ஒரே நிமிடத்தில் மூச்சு முட்டிப் பொம்மை செத்துவிடும். மொத்தம் மூன்று உயிர். அங்கே போய்ச் சேரவே முக்கால் மணி நேரம். டேப்ரிக்கார்டரை மாமா பூட்டி வைத்திருந்ததால், பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் கலா எனக்காக மூன்று உயிரையும் அங்கேயே விட்டாள். கடைசிக் கோட்டையை அவள் பார்த்ததே இல்லை.

“டேய், ஜல்தி மனசுல ஏத்திக்கோ, உசுரு போவுது!”

“இன்னொரு வாட்டி.”

“உனக்கு இன்னொரு வாட்டி. எனக்கு மொதல்லேர்ந்து! மேடையில என் பேரையும் சொல்லணும், ஆமா.”

சொல்கிறேன் என்றேன்.

கேட்டதைச் சிந்தாமல் விழுப்புரம் கொண்டுவருவதுதான் பாடு. பாசஞ்சரில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு காதையும் பொத்தி, ஒரே வரியை முனகிக்கொண்டே வந்து, இறங்கியதும் நேராகப் பியானோவுக்கு ஓடுவேன். “காதுல என்னா, எறும்பு பூந்துக்கிச்சா?” என்பார் வேர்க்கடலையை ‘மல்லாட்டே’ என்று கூவி விற்பவர்.

விழாவில் கலா மூன்றாம் வரிசையில் இருந்தாள். வாசித்து முடித்ததும், தலைமை தாங்கிய அதிகாரி ஒலிபெருக்கியிலேயே கேட்டார்: “பிரமாதம் தம்பி! நீயே போட்ட மெட்டா?”

கேம் பாட்டு என்றால் கூட்டம் சிரிக்கும் என்று தோன்றியது. “ஆமா சார்” என்றேன். கைதட்டினார்கள். முதல் பரிசாக எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள்.

வாசலில் கலா நின்றாள். “தண்ணிக்குள்ள நின்னுக்கினு முப்பத்துமூணு உசுரு வுட்டது யாருடா? நீயா?”

“என்னாடி, புள்ள பரிசு வாங்கிக்கினு வர்றான், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு” என்று அத்தை அவளை ரயிலுக்கு இழுத்துப் போனாள்.

இன்று அந்த மன்றம் இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. பியானோவை உடைத்து விறகாக்கியதாகக் கேள்வி. போன மாதம் யாரோ அதே மெட்டைத் தூக்கத்துக்கான இசை என்று பியானோவில் வாசித்து இணையத்தில் போட்டிருந்தார். கீழே, இயற்றியவர் பெயரை மறக்காமல் எழுதியிருந்தார். கலாவைக் கல்யாண வீடுகளில் பார்க்கிறேன். “சாப்பிட்டீங்களா?” என்பாள். ‘டேய்’ அன்றோடு போயிற்று.

விழாவுக்கு மறுநாள் காலை திண்டிவனத்துக்கு ஒரு ரயில் இருந்தது. போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் அவள் முன்னால் நின்றிருப்பேன். மே 15ஆம் தேதிப் பக்கத்தின் முதல் வரி இது: “காலையில் முதல் வேலையாகப் பாத்திரக் கடைக்குப் போய், தட்டில் என் பெயரை வெட்டி வாங்கி வந்தேன்.”