மகாவின் நாலு மணி

எங்கள் ஆபீசில் சந்தோஷத்துக்கென்று ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். கேன்டீன் வாசலில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் இருக்கும். 'அன்றாட வாழ்வின் சின்னச் சின்ன சந்தோஷங்கள்' என்று மேலே இங்கிலீஷில் எழுதி, கீழே வேலை செய்கிறவர்களின் போட்டோவும் அவர்கள் சொன்ன நாலு வரியும் ஒட்டியிருக்கும். ஒருவருக்கு மழை பிடிக்குமாம். இன்னொருவருக்கு மத்தியான காபி பிடிக்குமாம். அந்தக் காபியைக் கலந்து கொடுப்பவள் நான். எனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். மகாவைக் கேட்டார்கள். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் பெர்னதெத். விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஓசூர் ரோட்டில் இருக்கும் இந்தக் கம்பெனிக்கு வருகிறேன். நான்காவது மாடி பேன்ட்ரி என் பொறுப்பு. மகாவுக்கு அதே மாடியில் ஹவுஸ்கீப்பிங். பதினோரு வருஷமாகப் பெருக்குகிறாள், துடைக்கிறாள், பாத்ரூம் கழுவுகிறாள். வயது நாற்பத்தெட்டு, பார்த்தால் அறுபது சொல்லலாம். சந்தாபுராவில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். கணவர் ராஜேந்திரன் கொரோனா சமயத்தில் போய்விட்டார். ஒரே மகள் வீணா, அதற்கு அடுத்த வருஷம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டிரண்டு வருஷமாக இரண்டு காண்ட்ராக்ட், ஆக மொத்தம் நாலு வருஷம். நடுவில் ஒரு தடவைகூட அவளை ஊருக்கு அனுப்பவில்லை.

மகாவோடு பழகினால் ஒன்று தெரியும். தனக்கு நல்லது நடக்கும் என்று அவள் நம்புவதே இல்லை. பஸ்ஸில் சீட் கிடைத்தால்கூட, இப்போது யாராவது எழுப்பிவிடுவார்கள் என்று பாதி சீட்டில்தான் உட்காருவாள். வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பொழுது போகாமல் பக்கத்து வீட்டுத் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போடுவாளாம். இப்படி இருக்கிறவளுக்கும் ஒரு நாளில் நாலு நிமிஷம் நல்ல நேரம் இருந்தது.

வீணாவின் போனை அந்த வீட்டு மேடம் வாங்கி வைத்துக்கொண்டாள். அங்கே சமையல் வேலை பார்க்கும் சிலோன்காரப் பெண்ணிடம் ஒரு போன் இருந்தது. மேடம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது இங்கே மணி நாலு. அப்போது அந்தப் போனை வாங்கிக்கொண்டு, வாஷிங் மெஷின் இருக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வீணா அம்மாவுக்கு வீடியோ கால் போடுவாள். நாலு நிமிஷம், மிஞ்சினால் ஐந்து. மகா அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடக் கூடாது, மெசேஜும் போடக் கூடாது. அந்தப் போன் எப்போது எங்கே இருக்கும் என்று தெரியாது. மேடம் கண்ணில் பட்டால் இரண்டு பெண்களுக்கும் ஆபத்து.

நாலாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஃபயர் எக்ஸிட் படிக்கட்டு இருக்கிறது. யாரும் வர மாட்டார்கள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் மகாவுக்கு ஒரு கப் டீயும் இரண்டு ரஸ்க்கும் கொடுப்பேன். அவள் படியில் போய் உட்காருவாள், நான் கதவருகே நின்று பார்த்துக்கொள்வேன். பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். என்ன சாப்பிட்டே, தலைக்கு எண்ணெய் வச்சியா, அவ்வளவுதான். ஒருநாள் மெஷின் ஆட்டம் போட்டுக்கொண்டு வீணாவின் முதுகை வந்து இடித்தது, அதற்கு இரண்டு பேரும் நாலு நிமிஷமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்னொரு நாள் மகா ரஸ்க்கை டீயில் முக்கிப் போனுக்கு நேராக நீட்ட, வீணா அந்தப் பக்கம் வாயைத் திறந்தாள். நான் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு வீணா நலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தாள். எனக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"மேடம் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கேக்கறாங்கம்மா. வியாழக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். நீ வான்னு சொல்லு, வந்துடறேன்."

நாலு வருஷமாக மகா காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு எழுத்து. அவள் போனில் மணியைப் பார்த்தாள். அப்புறம், நாளைக்குச் சொல்கிறேன் கண்ணு, மறக்காமல் கூப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இன்னிக்கு மூணுலர்ந்து நாலரை ராகு காலம்க்கா. அந்த நேரத்துல எப்படி வான்னு சொல்றது?"

ராஜேந்திரனை ஆம்புலன்சில் ஏற்றியது ராகு காலத்தில். அவர் திரும்பி வரவில்லை. அதிலிருந்து இவள் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பால் பாக்கெட்கூடப் பிரிக்க மாட்டாள். எங்கள் சர்ச்சில் ராகு காலம் எமகண்டம் எல்லாம் கிடையாது, நான் சிரித்தேன். ஒரு நாள்தானே, நாளைக்கே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று ஆயிரம் தடவை அடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், வேண்டிய நேரத்தில் அது வாயில் வரவில்லை.

அன்று சாயங்காலம் மகாவைப் பார்க்க வேண்டுமே. மகள் வரப் போகிறாள். மாப் போடும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு. சந்தாபுரா அறையில் இரண்டு பேர் படுக்க இடம் போதுமா, கட்டிலைச் சுவரோரம் தள்ளலாமா என்று என்னிடம் யோசனை கேட்டாள். அந்த நேரம் பார்த்து ஸ்னேஹா வந்து சேர்ந்தாள்.

ஸ்னேஹா எச்.ஆர். பெண். மல்லேஸ்வரத்திலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், இருபத்தாறு வயது. சந்தோஷ போர்டு அவள் யோசனைதான். கீழ்மட்ட ஊழியர்களையும் சேர்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நல்ல பெண். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவளாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மகாக்கா, தினம் உங்களுக்குச் சந்தோஷம் தர்ற ஒரு சின்ன விஷயம் சொல்லுங்க என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால் மகா தலையை ஆட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தி கேட்கிறாள். கொட்டிவிட்டாள். நாலு மணி, படிக்கட்டு, வாஷிங் மெஷின், ரஸ்க், எல்லாவற்றையும். நான் கவுன்டருக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன், அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஸ்னேஹாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகாவைச் சிரிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை காலை போர்டில் மகா. அழகான இங்கிலீஷாம், படித்தவர்கள் எல்லாம் நின்று படித்தார்கள். அட்மின்காரர்களும் படித்தார்கள். பதினோரு மணிக்கெல்லாம் ஆர்டர் வந்துவிட்டது. ஹவுஸ்கீப்பிங், பேன்ட்ரி ஆட்கள் வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, கீழே தகரப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். ஃபயர் எக்ஸிட் கதவைத் திறந்தால் அலாரம் அடிக்கும். ரூல் பழையதுதான், இத்தனை வருஷம் எல்லோரும் கண்டும் காணாமல் இருந்தார்கள். போர்டில் எழுதி ஒட்டின பிறகு காணாமல் இருக்க முடியுமா? இரண்டாவது மாடியில் இருக்கும் எச்.ஆருக்கு இது தெரியவே தெரியாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாத கம்பெனி.

அன்று நாலு மணிக்கு மகா பேன்ட்ரியில் வந்து சும்மா நின்றாள். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. பெட்டிச் சாவி சூப்பர்வைசர் ஞானசேகரனிடம் இருந்தது. அவர் அன்றைக்கு வேறு பில்டிங் போயிருந்தார். ஐந்தரைக்கு அவர் வந்ததும் போய் நின்று, நாளைக்கு லீவு வேண்டும் என்று கேட்டாள். ஏற்கெனவே இரண்டு பேர் வரவில்லை, வெளியூர் ஆட்கள் வேறு ஆபீசைப் பார்க்க வருகிறார்கள் என்று அவர் கையைப் பிசைந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் மனசு கேட்கவில்லை. "லீவு எதுக்குக்கா, போன்தானே வேணும்? நாளைக்கு நாலு மணிக்குக் கீழ வா, நான் தொறந்து தரேன்" என்றார். சொன்ன சொல் தவறாத மனிதர்தான்.

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு மகா முகம் கழுவிக்கொண்டாள். என் சீப்பை வாங்கித் தலையை வாரிக்கொண்டாள். லிஃப்ட் வாசலுக்குப் போனாள். லிஃப்ட் திறந்தது, உள்ளே ஸ்னேஹா. உங்களைத்தான் தேடிட்டு வர்றேன் மகாக்கா என்று கையைப் பிடித்து கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். காபி கொண்டுவா என்று எனக்கும் ஆர்டர்.

கேன்டீனில் நாற்பது ஐம்பது பேர். அந்த மாதத்தின் சிறந்த சந்தோஷமாக மகா சொன்னதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். வெளியூர் ஆட்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மகாவின் சூப்பர்வைசர் என்பதால் ஞானசேகரனையும் மேடையில் நிறுத்தியிருந்தார்கள். சாவி அவர் சட்டைப் பையில். ஒருவர் பேசினார். வாழ்க்கையில் பெரிய விஷயங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது, இந்த அம்மாவைப் பாருங்கள், நாலு நிமிஷத்தில் சந்தோஷத்தைக் கண்டுபிடித்திருக்கிறார் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சுவர்க் கடிகாரத்தில் நாலு அடித்து மூன்று நிமிஷம்.

மகா மெதுவாக ஸ்னேஹாவின் காதில், ரெண்டு நிமிஷம் கீழே போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுக் கேட்கிறாள் என்று அந்தப் பெண் நினைத்ததோ என்னவோ, "எல்லாரும் உங்களுக்காகத்தான்க்கா வந்திருக்காங்க, இதோ முடிஞ்சுடும்" என்று அவள் கையை விடவே இல்லை. ஒரு தொட்டிச் செடி கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். முதல் போட்டோவில் மகா சிரிக்கவில்லை என்று இன்னொன்று எடுத்தார்கள். நான் தட்டும் கையுமாக நின்றேன். அந்தத் தட்டைக் கீழே போட்டிருந்தாலாவது எல்லோரும் திரும்பியிருப்பார்கள், அவள் ஓடியிருப்பாள். போடவில்லை. கப் உடைந்தால் என்னைக் கேட்பார்கள் என்று பயம். நான் ஒன்றும் யோக்கியம் இல்லை.

நாலு பதினெட்டுக்கு விட்டார்கள். செடியை மேஜையிலேயே போட்டுவிட்டு மகா மெயின் படியில் இறங்கி ஓடினாள், பின்னால் ஞானசேகரன், அவர் பின்னால் நான். பெட்டியைத் திறந்தால், நாலு ஒன்று, நாலு நாலு, நாலு ஒன்பது என்று மூன்று மிஸ்டு கால். மகா போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அது மறுபடி அடிக்கும் என்று வாட்ச்மேன் ஸ்டூல் பக்கத்தில் ஐந்து மணி வரை நின்றாள். ஏன்டி அங்கேயிருந்து எழுந்து வரவில்லை என்று கத்தினேன். கை தட்டிக்கொண்டிருந்தார்களே அக்கா, எப்படி வருவது என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் ஸ்னேஹாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவள் அழுதாள். அட்மினுக்கு மெயில் போட்டாள். போர்டிலிருந்து மகாவின் போட்டோவைத் தானே பிய்த்து எடுத்தாள். மெயிலுக்குப் பதில் வரவில்லை. தகரப் பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை மகா வழக்கம்போல வந்தாள். வாளியில் தண்ணீர் பிடித்தாள். நான் அவளை பேன்ட்ரிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, போன் அவள் கையில், வீணா கூப்பிட்டிருப்பாள் என்று தெரியும். கூப்பிட்டாளாம். புதன்கிழமையும் வியாழக்கிழமையும் போட்டேன்மா, நீ எடுக்கல, எடுக்காததே பதில்னு எடுத்துக்கிட்டேன் என்றாளாம். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பாஸ்போர்ட் மேடம் கையில்.

"நீ என்னடி சொன்னே?"

"நல்லதுதான் பண்ணினே கண்ணுன்னு சொன்னேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெட்டியைச் சொல்ல வேண்டியதுதானே, அந்தக் கூத்தைச் சொல்ல வேண்டியதுதானே, உன் மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா என்று சத்தம் போட்டேன். மகா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லலாம்னுதான்க்கா வாயைத் தொறந்தேன். நான் வான்னு சொல்லத்தான் இருந்தேன்னு தெரிஞ்சா, இன்னும் ரெண்டு வருஷம் அந்த வீட்ல அவ எப்படிப் படுத்து எழுந்திருப்பா? அம்மாவே வேணாம்னுட்டான்னு இருந்தா, கொஞ்ச நாள்ல மரத்துப் போயிடும்."

நல்லதுதான் பண்ணினே என்றதற்கு வீணா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா. ஏம்மா, நான் வர வேணாமான்னு ஒரு தடவை கேட்டுடுவாளோன்னு பயந்துட்டே இருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா. கேக்கல. சரிம்மான்னு வச்சுட்டா."