மூலைக்கு மஞ்சள் வைத்த போர்வை

கேரளத்து மலையிலுள்ள ஏலப்பாறைக்கு வந்த புதிதில், வெள்ளையும் சந்தன நிறமுமாக உடுத்திக்கொண்டு ஒரு கூட்டம் மேட்டில் ஏறிப் போனது. சாவு வீட்டுக்குப் போகிறார்கள் என்று தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். அது கல்யாணக் கூட்டம். பிள்ளைகளே, இந்த மலையில் நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டது நிறங்களைத்தான்.

கடையில் வெட்டி மிஞ்சும் துணிகளை நிறம் பிரித்துச் சாக்குகளில் போடுவேன். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, நீலமும் பச்சையும் சேர்த்து ஒன்று. பெல்பாட்டம் தைத்து மிஞ்சும் டெர்லின் தனி. அது குளிருக்கு ஆகாது. இந்தத் துண்டுகளை ஒட்டித் தைத்த போர்வைகள்தான் மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கம்பளி. வெள்ளைச் சாக்கு மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தது. எங்கள் சங்கரன்கோவில் பக்கத்தில் எவன் வெள்ளையில் போர்வை தைப்பான்?

லயத்துக்குக் கீழே குடியிருந்த தங்கம்மா சேச்சி அதைத்தான் கேட்டார். மகளுக்குக் கல்யாணம். "முழுக்க வெள்ளை. வேற நிறம் வேண்டா, கேட்டோ." மறுக்க முடியவில்லை. உங்கள் அம்மாவுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். சொந்தபந்தம் எல்லாம் மலைக்குக் கீழே. பிரசவத்துக்குக் கூட இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர் அந்தச் சேச்சி ஒருவர்தான்.

தைத்து முடித்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணப் பெண் போர்த்திக்கொள்வதாயிற்றே! ஊரில் புதுத்துணிக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும் மஞ்சளைத் தொட்டு வைத்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் வைத்தேன், அதுதான் பிழை.

மூன்றாம் நாள் போர்வை திரும்பி வந்தது. மஞ்சளைக் கறை என்று நினைத்துச் சேச்சி சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும்.

"எந்தா இது? என் மோளுக்கு ரத்தக் கறையா?"

"நல்லா இருக்கணும்னுதான் வச்சேன் சேச்சி. வெறும் வெள்ளையா இருக்கேன்னு..."

"வெறும் வெள்ளையோ? நான் கல்யாணத்துக்கு உடுத்ததே வெள்ளை!"

மூலைத் துண்டுகள் நான்கையும் பிரித்தெடுத்து, வேறு வெள்ளை வைத்துக் கொடுத்தேன். சாயா குடிக்கச் சொன்னேன். குடிக்காமல் போர்வையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"சேச்சி இனி வருவாவளா?" என்று உங்கள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஒங்க மஞ்சளும் நீங்களும்!"

கல்யாணம் முடிந்த மறுவாரம், ஒரு மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. நல்ல மழை. சேச்சி வீட்டு வாசலில் போய் நனைந்தபடி நின்றேன். அவர் என் இரண்டு கைகளையும் உற்றுப் பார்த்தார்.

"மஞ்சள் ஒண்ணும் கொண்டுவரலையே?"

குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் மேடேறினார்.

மூத்தவளே, அன்று பொழுது சாயும் முன் நீ பிறந்தாய். உன்னை முதலில் சுற்றியது சேச்சியின் பழைய வெள்ளை முண்டு. அம்மா அந்த முண்டோடேயே உன்னை வாங்கி அணைத்துக்கொண்டாள்.

பிறகு உனக்குச் சிவப்பிலும் மஞ்சளிலும் ஒரு சின்னப் போர்வை தைத்தேன். மூலைக்கு ஒன்றாக அந்தக் கறைபட்ட நான்கு வெள்ளைத் துண்டுகளையும் வைத்தேன். ஊருக்குக் கொண்டுபோனால், "பிள்ளை போர்வையில வெள்ளை எதுக்குடே?" என்கிறார்கள். இங்கே சேச்சி, "இத்தனை சிவப்பு எதுக்கு?" என்கிறார். இரண்டு இடத்திலும் சிரித்து வைக்கிறேன். வெயிலில் காய்ந்து காய்ந்து கறை ஏறக்குறைய வெளுத்துவிட்டது. ஆனாலும் அம்மா சோப்புப் போடும்போதெல்லாம் நான்கு மூலையும் லேசாகச் சிவக்கின்றன.