மேசைக்கு அடியில் சட்டை

ஜெர்மன் மொழி கற்றுத்தரும் அந்த சிடியை எங்கள் பனியன் கம்பெனி முதலாளி தனக்காகத்தான் வாங்கினார். இரண்டாம் பாடத்தோடு மூடி வைத்துவிட்டார். "படத்தக் காட்டிக் காட்டி என்னைய ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வெக்குதுங்க" என்றார்.

நான் அப்போது செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். படிப்பு பத்தாவதோடு நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை. "நான் படிக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

"படிங்க அம்மணி. நம்ம சரக்கு வாங்கற ஜெர்மனி பையர் வாரப்ப நேரா அவர்கிட்டப் பேசிட்டீங்கன்னா மெர்ச்சண்டைசர் சீட்டு உங்களுக்குத்தான்."

அவருக்கு அது விளையாட்டு. எனக்கோ பையர்களிடம் பேசி ஆர்டர் பார்க்கும் அந்த நாற்காலி வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் எனக்கு. சிடியில் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. நான்கு படம் வரும், ஒரு குரல் பேசும், சரியான படத்தை அமுக்க வேண்டும். பையன் மேசைக்கு அடியில் இருக்கிறான். குதிரை தாண்டுகிறது. அப்புறம் அதை மைக்கில் நான் சொல்ல வேண்டும். வயதானவர் படம் வந்தால் என் வாய் தானாக ஒரு 'ங்க' சேர்த்துவிடும், கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளாது.

அயர்ன் பண்ணும் அக்கா எட்டிப் பார்ப்பார். "பொட்டிக்கு என்னத்துக்கு அம்மணி மருவாத? அதென்ன சம்மந்தியா?"

"வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்லுவாங்கக்கா."

"பொழைக்கும், பொழைக்கும். மொதல்ல சோத்த உண்ணு."

விடவில்லை. எல்லாப் பாடமும் முடித்தேன். பையர் வருவதற்கு முந்தின நாள் ஓட்டை விழுந்த ஒரு சட்டை கைக்கு வந்தது. ஓட்டைக்கு ஜெர்மனில் என்ன? எண்ணெய்க் கறைக்கு? அந்த சிடிக்கு ஆப்பிள் தெரியும், விமானம் தெரியும், பனியன் தெரியாது. நாளைக்குக் குதிரையைப் பற்றியா பேசுவது?

பையர் வரும் நாளில் தேறாத ரிஜெக்ட் பீஸ்களை மூட்டை கட்டி மேசைக்கு அடியில் தள்ளிவிடுவது திருப்பூரில் எழுதாத சட்டம். அன்று அவர் செக்கிங் மேசைக்கு வந்ததும் நான் குனிந்து மூட்டையை அவிழ்த்தேன். நான்கு சட்டைகளை, சிடியில் படம் வைத்த மாதிரியே, வரிசையாகப் பரப்பினேன். ஓட்டையைத் தொட்டு, "வாஸ் இஸ்ட் தாஸ்?" என்றேன். இது என்ன?

முதலாளி என் காதருகே வந்தார். "அம்மணி, ஊரே மறைக்கறத நீங்க பரப்பறீங்களே!"

பையரின் முகமும் இறுகியது. என்னிடம் இருந்ததெல்லாம் பாடத்து வாக்கியங்கள்தான். அவற்றில் பையனை எடுத்துவிட்டுச் சட்டையைப் போட்டேன். "சட்டை பெட்டிக்குள் இல்லை. சட்டை மேசைக்கு அடியில் இருக்கிறது" என்று ஜெர்மனில் சொன்னேன். ஓட்டைச் சட்டை உங்களுக்கு அனுப்பும் பெட்டியில் ஏறாது, இங்கேயே நின்றுவிடும் என்று அர்த்தம்.

மனிதர் ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். நிமிர்ந்து ஓட்டையில் விரலை விட்டு அதன் பெயரைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். தலையை ஆட்டி மறுபடி சொன்னார். சரியாக வரும்வரை விடவில்லை. அடுத்து எண்ணெய்க் கறை. நான்கும் முடிந்ததும், "இன்னும்?" என்று கேட்டார். இந்தத் தடவை மூட்டையை இழுத்து வைத்தவர் முதலாளி.

பையரை வழியனுப்பிவிட்டு வந்தவர், "சொன்னாச் சொன்னதுதானுங்க. அந்தச் சீட்டு உங்குளுது" என்றார்.

"சரிங்க. ரெண்டாம் பாகம் சிடி எங்கீங்க கெடைக்கும்?" என்றேன்.