பூட்டு சாவிக்குக் கீழே ஒரு பெயர்

"ஒரு ஓட்டு! ஒரே ஒரு ஓட்டு!" கோவிந்தன் சைக்கிளை நிறுத்தாமலே கத்திக்கொண்டு வந்தான்.

ஆனந்தன் வீட்டு வாசலில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்த லூர்தம்மாளின் கை குழவியோடு நின்றது. வார்டு தேர்தலில் ஆனந்தன் ஜெயித்தால் தெருவுக்கெல்லாம் வடை என்று அவன் மனைவி ராணி காலையிலேயே ஊறப்போட்டிருந்தாள்.

"ஜெயிச்சிட்டாரா?" என்று ராணி ஓடிவந்தாள்.

"தோத்துட்டோம் அண்ணி. ரெண்டு தபா எண்ணியாச்சு. செல்லாத ஓட்டு ஏழு. அதுல ஒண்ணு நம்ம சின்னம் பூட்டு சாவி மேல சுத்தமா முத்திர குத்தி, கீழ பேனாவால பேரு எழுதிக் கீது. லவ் லெட்டரு கணக்கா! பேரு எழுதுனா செல்லாதுன்னு ஆபீசரு அதத் தூக்கி அந்தாண்ட வெச்சிட்டாரு."

"இன்னா பேரு?"

"லூர்தம்மாள்."

சென்னீர்குப்பத்தில் அந்த வார்டில் மூன்று லூர்தம்மாள்கள். ஒருத்தி மகளின் பிரசவத்துக்கு ஆவடி போய் ஒரு மாதமாகிறது. இன்னொருத்தி மூலை வீட்டுக்காரி, பத்தாவது வரை படித்தவள், ஜெயித்த வரதனுக்கு அடுத்த வீடு. மூன்றாமவள் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம லூர்துக்கா கைநாட்டு," என்றான் கோவிந்தன். "இது மூல ஊட்டுக்காரி வேலதான். நமக்குப் போடற மாரி போட்டுக் கெடுத்துட்டா. படிச்ச திமிரு. நாளைக்கு அவ கொழாயாண்ட வரட்டும், கொடத்த ஒடச்சி உடறேனா இல்லியா பாரு."

லூர்தம்மாள் மாவை வழித்தாள். வழித்த இடத்தையே மறுபடி வழித்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாதா கோயில் கொட்டகையில் எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவிவிட்டு வந்து நாற்பது நாள் போய் உட்கார்ந்தாள். மற்றதெல்லாம் மறந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கியது. அதை எழுதிக் காட்ட ஓர் இடம் வாய்க்கவில்லை. எங்கே போனாலும் அவள் முகத்தைப் பார்த்ததுமே மை டப்பாவை நகர்த்திவிடுவார்கள். ஓட்டுச்சாவடியிலும் அப்படித்தான் நகர்த்தினார்கள். விரலை ஒற்றிவிட்டு, அட்டை மறைப்புக்குப் பின்னால் போய், இடுப்பில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள்.

ஆனந்தனுக்குத் திக்குவாய். அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவன். குழாய்த் தண்ணீருக்காக நாலு இடம் அலைந்ததில் தெருக்காரர்கள் பிடித்து நிற்க வைத்தார்கள். ஆட்டோவில் மைக்கைப் பிடித்து "த... த..." என்று அவன் தண்ணீருக்குத் தவித்தபோது, வரதன் ஆட்கள் எதிரே நின்று அதேபோல் செய்து காட்டினார்கள். சிரிப்பு. லூர்தம்மாளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது, அவளைத்தான் சொல்கிறார்கள் என்பது போல. அவளையும் யாரும் ஒரு பேச்சை முடிக்க விட்டதில்லை. அவன் சொல்லி முடிக்கிறவரை தினமும் நின்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக அவன் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தாள்.

ஆனந்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அது நான் எழுதுனது," என்றாள் லூர்தம்மாள்.

கோவிந்தன் சிரித்தான். "இன்னாக்கா, மூல ஊட்டுக்காரிக்கு வக்காலத்தா? உனக்கு ஆனா ஆவன்னாவே தகராறு."

அவள் சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். மீந்துபோன நோட்டீஸ் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தாள். கோவிந்தனின் சட்டைப்பையில் இருந்த பேனாவை அவளே உருவினாள். பூட்டு சாவிப் படத்துக்குக் கீழே எழுதத் தொடங்கினாள். 'தம்'மில் ஒரு தடவை நின்று, மேலே போனாள். நேரம் பிடித்தது.

கோவிந்தன் குனிந்து பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "இதேதான். கோணலு கூட இதே கோணலு. அடிப்பாவி... ஒயுங்கா போட்டிருந்தா சரிக்குச் சரி வந்திருக்கும். சீட்டாவது குலுக்கிப் போட்டிருப்பாங்க."

"எ... எதுக்குக்கா?" என்றான் ஆனந்தன்.

"மத்தவங்க போட்டதோட கலந்துடக் கூடாதுன்னுதான், தம்பி."

ராணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனந்தன் நோட்டீஸைக் கையில் எடுத்தான். "ப... ப..." என்று ஆரம்பித்தான். வார்த்தை வரவில்லை. லூர்தம்மாள் வழக்கம்போலக் காத்திருந்தாள். அவன் முடிக்காமலே நோட்டீஸைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் வரதன் டிராக்டரில் நின்று நன்றி சொல்லிக்கொண்டு வந்தான். மூலை வீட்டு லூர்தம்மாள் குழாயில் நாலு குடம் பிடித்துக்கொண்டு போனாள். ஆனந்தன் முதல் ஷிப்டுக்கு பஸ் ஏறினான். ராணி அந்த மாவில் அரிசி மாவைக் கலந்து தோசை சுட்டாள். பக்கத்து வீடுகளுக்கு இரண்டிரண்டு கொடுத்தாள், லூர்தம்மாள் வீட்டுக்குக் கொடுக்கவில்லை. சாயங்காலம் ரேஷனில் பாமாயில் போட்டார்கள். கடைக்காரர் மை டப்பாவை நகர்த்தினார். லூர்தம்மாள் கட்டைவிரலை ஒற்றினாள். எண்ணெயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.